மெக்ராத்தின் 'த்' எங்கே போயிற்று? ஐரிஷ் குடும்பப் பெயர்களைச் சொல்லும் வழி

வேகப்பந்து வீச்சாளர்களை உருவாக்கும் சென்னை எம்ஆர்எஃப் பேஸ் ஃபவுண்டேஷனின் பயிற்சிப் பொறுப்பை 2012-ல் டெனிஸ் லில்லியிடமிருந்து ஏற்றுக்கொண்டவர் கிளென் மெக்ராத். டெஸ்டில் 563 விக்கெட் எடுத்தவர். அவரைத் தெரியாத கிரிக்கெட் ரசிகர் இந்த ஊரில் இருக்க முடியாது. ஆனால் அவர் பெயரை நாம் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. நம் பத்திரிகைகளில் பெரும்பாலும் மெக்ராத் என்றுதான் அச்சானது. நானும் டிவி முன்னால் உட்கார்ந்து மெக்ராத் என்று திட்டித்தான் வளர்ந்தேன். ஆஸ்திரேலிய வர்ணனையாளர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் கடைசியில் 'த்' இருக்காது. மக்ரா. அவ்வளவுதான்.

அந்த 'த்' எங்கே போயிற்று என்று தேடினால் அயர்லாந்தில் போய் நிற்போம். மக்ரா அசல் ஐரிஷ் பெயர். ஐரிஷ் மொழியில் 'மக் க்ரா' என்று இரண்டு சொல்லாக வரும். 'மக்' என்றால் மகன். அங்கேயும் கடைசி இரண்டு எழுத்து டீ, எச்தான். ஆனால் ஐரிஷில் அவை இரண்டும் சேர்ந்தால் வருவது 'ஹ'. சொல்லின் கடைசியில் என்றால் ஒரு சின்ன மூச்சு; பல பேர் வாயில் அந்த மூச்சும் வராது. பிறகு அந்தப் பெயர் ஆங்கிலப் பதிவேடுகளுக்குள் போனபோது தாளில் எழுத்து தங்கியது, வீட்டில் ஒலி தங்கியது. இரண்டும் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை.

ஐரிஷ் பெயரை எப்படிச் சொல்வது என்று தேடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியல்தான் கிடைக்கும்: இது இப்படி, அது அப்படி. பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் மறுபடியும் முழிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டால் பாதி வேலை முடியும். கண்ணில் படுவது ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் உள்ள பெயரா, ஆங்கில குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதிவைத்த பெயரா? முதல் வகைக்கு விதி உண்டு. ஒரு மாலைப் பொழுதில் பிடித்துவிடலாம். இரண்டாம் வகைக்கு விதி என்று பெரிதாக எதுவும் கிடையாது, கதைதான் உண்டு. அடையாளம் காண்பதும் சுலபம். 'ஓ'வின் தலையில் சாய்ந்த கோடு இருந்து, அதன் பின் இடைவெளி விட்டிருந்தால் அது ஐரிஷ் வடிவம். ஓ-வை ஒட்டி மேலே ஒரு கொக்கி தொங்கினால் ஆங்கில வடிவம். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். அந்தக் கொக்கி ஐரிஷில் கிடையாது.

முதல் வகையை எடுத்துக்கொள்வோம், விஷயம் அங்கேதான் அதிகம்.

ரோமன் எழுத்து ஆங்கிலத்தின் சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 'தமிழ்' என்பதை அந்த எழுத்தில் எழுதும்போது கடைசியில் இசட், எச் போடுகிறோம். அதைப் பார்த்து ஓர் ஆங்கிலேயர் தமிஸ் என்றோ தமிஷ் என்றோ வாசித்தால் பொறுத்துக்கொள்வோம். 'என்னப்பா இது, எழுத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமே இல்லையே' என்று அவர் சிரித்தால் பொறுக்க மாட்டோம். ஐரிஷ்காரர்கள் அந்தச் சிரிப்பைப் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் எழுத்துகள் 18. ஜே, கே, கியூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் எட்டும் இல்லை. (நம் மெய்யெழுத்தும் 18, தற்செயல்தான், இருந்தாலும் நினைவில் வைக்க உதவும்.) ஆனால் மொழியில் மெய்யொலிகள் மட்டுமே முப்பதுக்கு மேல். 'வ' என்ற ஒலி உண்டு, வி என்ற எழுத்து இல்லை. அப்படியானால் எப்படி எழுதுவது? இருக்கிற எழுத்தின் மேல் ஒரு புள்ளி வைத்தார்கள்.

ஆமாம், புள்ளி. நம் மெய்யெழுத்தின் தலையில் உட்காரும் அதே மாதிரிப் புள்ளி. பழைய ஏட்டெழுத்தர்கள் பிழையாக எழுதிய எழுத்தை நீக்க அதன் மேல் புள்ளி வைப்பது வழக்கம். ஐரிஷில் 'ஃப' மென்மையானால் ஒலியே மறைந்துவிடும். ஆகவே அந்த எழுத்தின் மேல் நீக்கல் புள்ளியை வைத்தார்கள். பிறகு மென்மையாகும் எல்லா மெய்களுக்கும் அந்தப் புள்ளியே வழக்கமானது. நம் புள்ளி உயிரை எடுக்கும். அவர்கள் புள்ளி மெய்யின் வல்லோசையை எடுத்தது. லத்தீன் வழியாக வந்த இன்னொரு பழக்கமும் கூடவே இருந்தது: புள்ளிக்குப் பதில் பக்கத்தில் ஓர் எச் போடுவது. இருபதாம் நூற்றாண்டில் பழைய ஐரிஷ் அச்செழுத்தைக் கைவிட்டுச் சாதாரண ரோமன் அச்சுக்கு மாறியபோது புள்ளிகள் போய் எச்-கள் குவிந்தன. ஐரிஷ் பெயர்களில் நாம் பார்த்து மிரளும் எச் எல்லாம் அந்தப் புள்ளிகள்தான். தனி எழுத்தாக வாசித்தால் குழப்பம். முந்தைய எழுத்தின் தலையில் தூக்கி வைத்துவிட்டால் தெளிவு.

இந்த மென்மை நமக்குப் புதிதல்ல. 'கடல்' என்பதில் உள்ள க வேறு, 'மகன்' என்பதில் உள்ள க வேறு. நெல்லைப் பக்கம் மஹன் என்றே கேட்கும். நாம் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு இடம் பார்த்து மென்மையாக்குகிறோம். அவர்கள் மென்மையை எழுதியே காட்டுகிறார்கள். யார் எழுத்துமுறை குழப்பமானது என்று இப்போது சொல்லுங்கள்.

ஆக, 'பஸ்' தொடங்கும் பி-யோடு எச் வந்தால் 'வ', எம்-மோடு வந்தாலும் 'வ'. வட அயர்லாந்துப் பக்கம் உதடு குவிந்த வகரம், தெற்கே பல்லில் படும் வகரம். டீக்கடை டீயோடு எச் வந்தால் 'ஹ', எஸ்-ஸோடு வந்தாலும் 'ஹ'. டில்லி டி-யோடும் ஜி-யோடும் எச் வந்து, சொல்லின் நடுவிலோ கடைசியிலோ இருந்தால் பெரும்பாலும் ஒலியே இல்லை, பக்கத்து உயிரை நீட்டிவிட்டுப் போய்விடும். சி-யோடு எச் வந்தால் தொண்டையைச் சுரண்டும் ஒலி. அதற்குத் தமிழில் 'ஃக' என்று எழுதுவதே நெருக்கம். தனி சி எப்போதும் 'க'. 2024-ல் ஆஸ்கர் வாங்கிய நடிகரை சிலியன் மர்ஃபி என்று சொல்பவர்கள் இனி கிலியன் என்று சொல்லலாம்.

உயிரெழுத்துகள் ஏன் இப்படிக் கும்பலாக நிற்கின்றன? ஐரிஷில் ஒவ்வொரு மெய்க்கும் பருத்த ஒலி, மெலிந்த ஒலி என்று இரண்டு உண்டு. மெய்யின் இருபுறமும் ஏ, ஓ, யூ நின்றால் பருத்தது. இ, ஐ நின்றால் மெலிந்தது. இருபுறமும் ஒரே இனம்தான் நிற்க வேண்டும். அதனால் பல உயிரெழுத்துகள் ஒலிக்க வந்தவையே இல்லை, காவலுக்கு நிற்பவை. இது விசித்திரமாகத் தெரிந்தால் 'கொ' என்று எழுதிப் பாருங்கள். கொம்பு, க, கால். எ-க-ஆ என்றா வாசிக்கிறோம்? இரண்டு பக்கமும் நிற்பதைச் சேர்த்து ஒரே ஒலியாகத்தானே வாசிக்கிறோம். மெலிந்த எஸ் 'ஷ' ஆகும். ஷான், ஷிவான் எல்லாம் எஸ்-ஸில் தொடங்கியும் ஷகரமாக ஒலிப்பது அதனால்தான்.

இதையெல்லாம் வைத்து ஒரு பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். எஸ்-யூ-ஐ-எல்-எல்-இ-ஏ-பி-எச்-ஏ-ஐ-என். பன்னிரண்டு எழுத்து, யூ-வின் மேலும் இரண்டாவது ஏ-யின் மேலும் நீட்டல் கோடு. எஸ்-ஸுக்குப் பக்கத்தில் யூ, ஆகவே பருத்தது: 'ஸூ'. அடுத்த ஐ காவல்: பின்வரும் எல் மெலிந்தது என்கிறது. இ-யும் அப்படியே. பி-யும் எச்-சும் 'வ'. கோடு போட்ட ஏ 'ஆ'. கடைசி ஐ மறுபடியும் காவல். ஸூலியவான். முன்னால் ஓ சேர்த்தால் ஓ ஸூலியவான். ஆங்கிலத்தில் ஓ'சல்லிவன் என்று உலகம் முழுக்கத் தெரிந்த அதே பெயர். கேட்டால் ஒன்றாகத்தான் இருக்கிறது, பார்த்தால்தான் பயம்.

1974 முதல் 1976 வரை அயர்லாந்தின் குடியரசுத் தலைவராக இருந்தவரின் முதற்பெயர் சி-இ-ஏ-ஆர்-பி-எச்-ஏ-எல்-எல். நடுவில் உள்ள பி-எச் இங்கே உயிரோடு கரைந்து 'ஊ' ஆகிவிடும். கியரூல். ஆங்கிலத்தில் கரோல் என்று ஆனதும் இதுவே. அவருடைய குடும்பப் பெயர் ஓ டாலீ. கடைசியில் எழுதப்படும் ஜி-எச் பேசாது. தெற்கே மன்ஸ்டர் பகுதியில் மட்டும் அது பேசும், அங்கே டாலிக் என்று கடைசியில் ஒரு சின்ன ககரம் விழும். இரண்டும் சரியான ஐரிஷ்தான். நம்மூரில் ஊருக்கு ஊர் ழகரம் மாறுவதைப் போல.

ஐரிஷ்காரர்களுக்கே இந்த மௌன எழுத்துகள் பாரமாக இருந்தன. 1940-களில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, 1958-ல் அதிகாரபூர்வத் தரவடிவம் வெளியானது. எட்டு எழுத்தில் எழுதப்பட்ட ஷே என்ற பெயர் இரண்டே எழுத்துக்குச் சுருங்கியது. சில குடும்பங்கள் சுருக்கினார்கள், சிலர் தாத்தா எழுதியபடியே விட்டார்கள். டப்ளினுக்குத் தெற்கே உள்ள துறைமுக நகரத்தின் பெயர் பழையபடியே நிற்கிறது. 1821-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்து போனதற்காகக் கிங்ஸ்டவுன் ஆக்கப்பட்டு, 1920-ல் ஐரிஷ் பெயருக்குத் திரும்பியது. எழுதுவது டன்-லாவோ-கைர் போல இருக்கும், சொல்வது டன்லீரி. ஓ'லீரி குடும்பப் பெயரில் உள்ள லீரியேதான் அது.

பெண்கள் பெயரில் ஒரு கண்ணி உண்டு. ஓ என்பது மகள் பெயரில் 'நீ' ஆகும், மக் என்பது 'நிக்' ஆகும். 'நீ' வந்தால் அடுத்த எழுத்து மென்மையாகும். அப்பா ஓ முரஃகூ என்றால் மகள் நீ வுரஃகூ. அப்பா ஓ ப்ரியன், மகள் நீ வ்ரியன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே வீட்டார் என்று தோன்றாது. இந்த முரஃகூதான் ஆங்கிலத்தில் மர்ஃபி, அயர்லாந்தில் மிக அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர். எழுத்தில் ர-வுக்கும் ஃக-வுக்கும் நடுவில் உயிர் கிடையாது. வாயில் ஒரு குட்டி அகரம் நுழைகிறது. தர்மம் தருமம் ஆவதும், கர்மம் கருமம் ஆவதும் இதே வேலைதான். மொழியியலாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் வடமொழிச் சொல்தான், ஸ்வரபக்தி. ஃபிலிம் என்று நாம் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் டப்ளினில் ஃபில்லம் என்று சொல்வதையும் கேட்க வேண்டும்.

இனி இரண்டாம் வகை. இதன் கதை சட்டத்தில் தொடங்குகிறது. 1465-ல் நான்காம் எட்வர்டு காலத்தில், டப்ளினைச் சுற்றி ஆங்கிலேயர் பிடியில் இருந்த மாவட்டங்களில் வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. எதை வைக்கலாம் என்றும் அதிலேயே இருந்தது: சட்டன், செஸ்டர், ட்ரிம் போல ஊர்ப் பெயர், ஒயிட், பிளாக், பிரவுன் என்று நிறம், ஸ்மித், கார்பென்டர் என்று தொழில், குக், பட்லர் என்று பணி. சட்டம் ஒரே நாளில் எல்லாரையும் மாற்றிவிடவில்லை. ஆனால் அடுத்த சில நூற்றாண்டுகளில் நிலம், வரி, கோர்ட்டு எல்லாம் ஆங்கிலத்துக்குப் போனபின் பெயரும் போயிற்று. எழுதியவருக்கு ஐரிஷ் தெரியாது. சொன்னவருக்கு எழுதத் தெரியாது.

அந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை விளக்க சென்னையிலேயே ஒரு சான்று இருக்கிறது, அதுவும் அயர்லாந்திலிருந்தே வந்தது. எழும்பூரில் இருக்கும் கன்னிமாரா நூலகம். கால்வே மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள கொனமாரா என்ற பகுதியின் பெயரைப் பட்டமாகக் கொண்ட ஆளுநர் லார்டு கொனமாரா 1886 முதல் 1890 வரை மதராஸில் இருந்தார். நூலகம் 1896-ல் திறந்தது. கொனமாரா என்றால் நமக்கு ஒன்றும் புரியாது. கன்னிமார் என்றால் ஏழு பேரையும் தெரியும். காது தனக்குத் தெரிந்த சொல்லின் பக்கம் சாய்ந்துகொள்ளும். (அவருடைய குடும்பப் பெயரும் ஒரு பரீட்சைதான்: பி-ஓ-யூ-ஆர்-கே-இ. போர்க் இல்லை, பர்க்.) ஆங்கில குமாஸ்தாக்கள் ஐரிஷ் பெயர்களுக்குச் செய்ததும் இந்தச் சாய்வுதான். சில சமயம் மொழிபெயர்க்கவும் செய்தார்கள். மக் கொன்ரீ என்ற பெயரில் 'ரீ' கேட்டது. ரீ என்றால் அரசன். ஆகவே அந்தக் குடும்பத்தில் பலர் கிங் ஆனார்கள்.

பெரும்பாலும் நடந்தது ஒலிபெயர்ப்பு. அதில் 'ஃக', 'ஹ' இரண்டுக்கும் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஜி-எச் போட்டார்கள். கேலகர் என்று நாம் வாசிக்கும் பெயர் கேலஹர். டோஹர்ட்டியில் நடுவில் வெறும் ஹகரம். டெரி, டோனகல் பக்கம் போனால் அது இன்னும் தொண்டையைச் சுரண்டும். மூன்று முறை பிரதமராக இருந்த சார்ல்ஸ் ஹாஹியின் பெயரை ஹாகே, ஹௌகி என்றெல்லாம் வாசிக்கத் தோன்றும். ஐரிஷில் அது ஓ ஹோஃகீ. கியோ என்ற இன்னொரு பெயர் இருக்கிறது, கே-இ-ஓ-ஜி-எச். ஹாஹியும் கியோவும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்றால் நம்பக் கஷ்டம். ஓஃகீ என்ற பழைய ஆண் பெயர். அதற்குள் 'குதிரை' என்ற சொல் இருக்கிறது. ஓ என்ற முன்னொட்டு உயிருக்கு முன் வந்தால் ஒரு ஹகரம் ஒட்டும், அது ஹாஹி. மக் என்பதன் கடைசிக் ககரம் ஒட்டிக்கொண்டு மக் உதிர்ந்தது, அது கியோ. ஓவும் மக்கும் உதிர்ந்த பின்னும் அவற்றின் சுவடு பெயரின் முதல் எழுத்தில் நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு எம்-இ-ஏ-ஜி-எச்-இ-ஆர். 1848 மார்ச்சில் வாட்டர்ஃபோர்டு நகரில் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு மூவண்ணக் கொடியை முதலில் பறக்கவிட்டவர் தாமஸ் ஃபிரான்சிஸ். இன்று அதுவே அயர்லாந்தின் தேசியக் கொடி. பிறகு நாடு கடத்தப்பட்டு, தப்பி அமெரிக்கா போய், உள்நாட்டுப் போரில் படை நடத்தி, மான்டானாவில் தற்காலிக ஆளுநராகி, 1867-ல் மிசௌரி ஆற்றில் விழுந்து காணாமல் போனவர். அவருடைய குடும்பப் பெயரை மீகர் என்றோ மேகர் என்றோ வாசிப்போம். சொல்வது மார். அவர் பெயரில் மான்டானாவில் ஒரு மாவட்டம் இருக்கிறது, அங்கும் மார்தான். ஐரிஷ் மூலத்தில் நடுவில் ஃககரம் இருந்தது, ஆங்கில எழுத்தில் ஜி-எச் ஆயிற்று, வாயில் ஹகரமாகி மாஹர் ஆயிற்று, பிறகு அதுவும் தேய்ந்தது. அயர்லாந்தில் இன்றும் மாஹர் என்பவரும் உண்டு, மார் என்பவரும் உண்டு.

இங்கேதான் மூன்றாவது சிக்கல். கடல் தாண்டிப் போன குடும்பங்களில் எழுத்து ஒலியைத் திருத்தத் தொடங்கியது. அயர்லாந்தில் காஹில், அமெரிக்காவில் கேஹில். அமெரிக்காவில் பல மக்ராக்கள் உண்மையிலேயே மெக்ராத் ஆகிவிட்டார்கள். அவர்களிடம் போய் 'உங்கள் பெயர் மக்ரா' என்று பாடம் எடுக்கக் கூடாது. அது அவர்கள் பெயர். ரொனால்டு ரேகனின் கொள்ளுத்தாத்தா டிப்பரரி மாவட்டத்து பாலிபொரீன்காரர். அதிபர் ரேகனின் நிதியமைச்சரும், பிறகு வெள்ளை மாளிகை அலுவலகத் தலைவருமாக இருந்தவர் டொனால்டு ரீகன். ஒரே ஐரிஷ் குடும்பப் பெயர். எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. நம் பத்திரிகைகள் பலவும் அதிபரையே ரீகன் என்று எழுதிவிட்டதால் தமிழில் இருவரும் ஒருவராகிப் போனார்கள்.

அழுத்தம் எங்கே விழுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தமிழில் நாம் அசைகளைச் சமமாகப் பரப்பிச் சொல்கிறவர்கள். ஓ, மக் இரண்டையும் லேசாகச் சொல்லி, அதற்கு அடுத்த அசையில் அழுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஓ'மஹனியை அயர்லாந்தில் 'ம'வில் அழுத்துவார்கள். அமெரிக்காவில் மஹோனி என்று 'ஹோ'வில் அழுத்துகிறார்கள். ஐரிஷ்காரர்கள் அதைக் கேட்டு முகம் சுளிப்பது உண்டு. ஆனால் அந்தக் குடும்பத்தின் சொந்த நாடான மன்ஸ்டரில் பேசும் ஐரிஷில் நெடில் வரும் இரண்டாம் அசைக்கே அழுத்தம் போகும், ஓ மஹூனா என்று. சுளித்த முகம் கொஞ்சம் நேராகலாம். இந்த மஹூனாவுக்குள் இருப்பது கரடி. அதே கரடிதான் மக்மானிலும் இருக்கிறது. அந்தப் பெயருள்ள ஐரிஷ் வம்சத்தவர் ஒருவர் 1873 முதல் 1879 வரை பிரான்சின் குடியரசுத் தலைவராகவே இருந்தார். அங்கே அதை மூக்கால் முடித்து மக்-மா-ஓன் என்றார்கள்.

கேட்டுப் பழக வசதிகள் உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரி உருவாக்கிய ஒரு கருவிக்கு ஐரிஷில் 'சொல்' என்ற ஏவல் வினையையே பெயராக வைத்திருக்கிறார்கள். ஐரிஷ் எழுத்தைக் கொடுத்தால் வட்டாரம் கேட்டு வாசித்துக் காட்டும். ஆங்கில வடிவப் பெயருக்கு அது உதவாது. அதற்குப் பெயரின் சொந்தக்காரர்தான் அகராதி. அவர் பேசும் ஒரு காணொளியைத் தேடி, தன் பெயரைத் தானே சொல்லும் இடத்தைக் கேட்பது என் வழக்கம். நேரில் என்றால் கேட்டுவிடலாம். ஐரிஷ்காரர்கள் அந்தக் கேள்விக்குப் பழகியவர்கள்.

தமிழில் எழுதும்போது நமக்கு ஒரு வசதி, ஒரு தொல்லை. கிரந்த ஹ இருப்பதால் கேலஹரையும் காஹிலையும் ஆங்கிலத்தைவிட நேர்மையாக எழுதலாம். ஆனால் க, ட, ப-வுக்கு வல்லொலி மெல்லொலி வேறுபாடு காட்ட முடியாது. கிலியனின் க-வும் கேலஹரின் க-வும் வேறு என்பதை வாசகரே ஊகிக்க வேண்டும்.

இந்தத் தடுமாற்றம் ஒருவழிப் பாதை என்று நினைத்துவிட வேண்டாம். 2017-ல் அயர்லாந்தின் பிரதமரான லியோ வராட்கரின் அப்பா மும்பைக்காரர், பூர்வீகம் கொங்கண் கரையில் மால்வண் பக்கத்து வராட் கிராமம். 'அந்த ஊர்க்காரர்' என்பதைத் தவிர அந்தப் பெயரில் வேறு மர்மம் இல்லை. மராத்தியில் 'ரா' நெடில், அதையடுத்து நாக்கை மடித்துச் சொல்லும் டகரம். டப்ளின் செய்தி வாசிப்பாளர்கள் அந்த நெடிலைக் குறுக்கி, டகரத்தைப் பல்லுக்கு அருகில் கொண்டுவந்து, வரேட்கர் என்பது போலச் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.